டிவிடிக்கு வைத்த சந்தனப் பொட்டு

தலைவரே, நீங்கள் மைக்கில் சொன்னது பொய். கணினிகளைக் கெடுத்தது நானும் இல்லை, என் அக்காவும் இல்லை. நீங்கள்தான். அது அன்று சாயங்காலமே உங்களுக்குத் தெரியும்.

மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.

கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். இப்போது ரவாங்கில் குடியிருக்கிறேன். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. லைனில் வரும் மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்து, ஓடாததைத் தனியே எடுத்து, ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம். எங்கள் லைனில் ஒன்று பழுதானால் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா யார் தொட்டது?" திட்டுவதற்காகக் கேட்பதில்லை. அங்கிருந்துதான் தேடத் தொடங்க முடியும்.

அக்கா தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். காலையில் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை. மத்தியானம் வந்து குளித்துவிட்டு, சாயங்காலம் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அத்தான் இறந்த பிறகு வீடு சும்மாக் கிடக்கிறதே என்று அவளாக ஆரம்பித்தது. பிள்ளைகள் உட்காருவது வாசல் சிமெண்டுத் தரையில். ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம், ஒரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் சேவலை விரட்டிக் கத்துவது. மழை பெய்தால் எல்லாரும் அக்காவின் சமையலறைக்குள். அங்கே கால் நீட்ட இடம் இருக்காது. கணக்குப் புத்தகத்தில் மீன் குழம்புக் கறை இல்லாத பிள்ளை அங்கே கிடையாது.

கோயில் மண்டபத்தை ஒட்டி ஓர் அறை இருக்கிறது. காற்றாடி உண்டு, மேசைகள் உண்டு, கதவை மூடினால் சத்தம் வராது. வருசம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். பல வருசமாக அக்கா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோயில் தலைவர் எங்கள் தோட்டத்துக்காரர்தான். லோரிகள் வாங்கிச் சொந்தத் தொழில் நடத்துகிறார். இப்போது சுங்கை பெசாரில் வீடு. பெரிய காரில் வருவார், சாமி கும்பிடுவார், குறை கேட்பார், போய்விடுவார். ஒரு நாள் கோலாலம்பூரில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட கணினிகளை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து அந்த அறையில் இறக்கினார். எட்டுக் கணினிகள். இனி நம் பிள்ளைகள் கணினியில் படிக்கும் என்று கோயில் குழுவின் வாட்சாப்பில் எழுதினார். கை கூப்பும் படங்கள் வந்து குவிந்தன.

அக்காவைச் சன்னதி முன்னால் கூப்பிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, தெறப்பு விழா அன்னிக்கு எட்டும் ஓடணும். ஓடிட்டா, இந்த ரூமு உன் கிளாசுக்கு. மேடையிலயே சாவிய உன் கையில கொடுக்கிறேன்."

"ஓடலன்னா?"

"ஓடாத சாமானுக்கு எதுக்கு ரூமு? பந்தல் போடுற கெனப்பிக் கம்பி வெக்க எடமில்லாம கெடக்கு."

அக்கா அன்றே எனக்குப் போன் செய்தாள். "நீதானே அதே வேலை பாக்குற. வா."

நான் பார்ப்பது அதே வேலை இல்லை. ஆனாலும் போனேன்.

எட்டையும் திறந்து பார்த்தேன். ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. அந்த அலுவலகம் தன் கணக்குவழக்கு வெளியே போய்விடக் கூடாது என்று கழற்றி எடுத்துவிட்டிருக்கிறது. அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் கழற்றியிருப்பேன். ஆனால் ஹார்ட் டிஸ்க் இல்லாத கணினியில் விண்டோஸ் போட இடமில்லை. புதிது வாங்கித் தரக் குழு தயாராக இல்லை. பென்டிரைவிலிருந்து ஓட்டலாம் என்றால் அந்த வழியையும் அலுவலகம் கடவுச்சொல் போட்டு உள்ளேயே பூட்டி வைத்திருந்தது. அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. உள்ளிருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன், பூட்டு போகவில்லை.

டிவிடி போடும் தட்டு மட்டும் வேலை செய்தது. சரி, லினக்ஸ் லைவ் டிவிடி போடலாம் என்று முடிவு செய்தேன். அதைக் கணினியில் பதிக்க வேண்டாம். தட்டில் வைத்து மின்சாரம் கொடுத்தால் டிவிடியிலிருந்தே எல்லாம் ஓடும். அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும், மறுபடி போட்டால் புதிதாய்த் தொடங்கும். தட்டச்சுப் பழக, கணக்குப் போட, அக்காவின் கைப்பேசி வழியாக இணையத்தில் பள்ளிப் பாடம் பார்க்க அது போதும்.

தலைவரிடம் சொன்னேன்.

"லினக்ஸா? அது என்னா சாமான்? சைனா சரக்கா?"

"இல்ல தலைவரே. சும்மா கெடைக்கிறது. உலகம் பூரா பாவிக்கிறாங்க."

"சும்மா கெடைக்கிறதுல தரம் இருக்காதே லா."

"கம்ப்யூட்டரும் சும்மா கெடைச்சதுதானே."

அவர் சிரிக்கவில்லை. அன்றே கொஞ்சம் முகம் திருப்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரவாங்கிலிருந்து போய் வந்தேன். ஐந்து கணினிகள் தொல்லை தரவில்லை. டிவிடி சுற்றியது, படம் வந்தது, வேலை முடிந்தது. மூன்றுதான் உயிரை எடுத்தன. முதலில் லினக்ஸின் சின்னம் வரும், கீழே புள்ளிகள் ஓடும், அப்புறம் திரை கறுத்துவிடும். எவ்வளவு நேரம் காத்தாலும் கறுப்புதான்.

"செத்துப்போச்சாடி?" என்றாள் அக்கா.

கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திக் காட்டினேன். விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினால் அணைந்தது.

"உசுரு இருக்குக்கா. மூஞ்சிதான் தெரியல."

"நம்ம கோயில் குழு மாதிரியா?"

"அதுக்கு மூஞ்சி மட்டும்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் செய்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

விசயம் இவ்வளவுதான். லினக்ஸ் எழும்போது படம் காட்டும் சில்லைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்கப் பார்க்கும். சில பழைய படக் கார்டுகளில் அது தப்பாகப் போகும். உள்ளே எல்லாம் ஓடும், திரைக்கு மட்டும் ஒன்றும் வந்து சேராது. அதற்கு, தொடக்கத்தில் வரும் பட்டியலில் நின்று, ஒரு நீண்ட கட்டளை வரியைத் திறந்து, அதன் கடைசியில் 'நோமோட்செட்' என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். படத்தில் கை வைக்காதே, இருக்கிறபடி காட்டு என்பது அதன் பொருள். சேர்த்ததும் இரண்டு கணினிகளில் படம் வந்தது. எழுத்து தடியாக, படம் கொஞ்சம் சொரசொரவென்று. வந்ததே பெரிது. மூன்றாவதில் அப்போதும் வரவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால் திரைக் கம்பி செருக இரண்டு இடம் இருந்தது. ஒன்று கணினியின் தாய்ப் பலகையில், ஒன்று தனிப் படக் கார்டில். கம்பி பலகையில் இருந்தது. கார்டுக்கு மாற்றினேன். படம் வந்தது, ஆனால் முழுக்கக் கோடு கோடாக. கார்டைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திருப்பிச் செருகினேன். கோடு போய்விட்டது.

அணைத்தால் மறந்துவிடும் என்றேனே, அதனால் அந்தச் சொல்லை ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியிருந்தது. அக்காவுக்கு அது சிரமம். அந்த மூன்றுக்கு மட்டும் சொல்லை உள்ளேயே சேர்த்துத் தனி டிவிடி செய்தேன். மற்ற ஐந்துக்கும் அதையே போட்டால் நல்ல படமும் சொரசொரப்பாகிவிடும். ஆகவே எந்த டிவிடி எந்தக் கணினிக்கு என்று ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் எண் எழுதினேன். கணினி நெற்றியிலும் அதே எண். அக்கா நான் இல்லாமலே எட்டையும் எழுப்பிப் பழகினாள். கடைசி வாரம் நான் கை கட்டிக்கொண்டு நின்றேன், அவளே எல்லாவற்றையும் செய்தாள்.

விழா அன்று காலையில் போய் எட்டையும் ஓட்டிப் பார்த்தேன். ஓடின. டிவிடிகளைத் தட்டுக்குள்ளேயே விட்டு அணைத்தேன்.

வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். அதில் தலைவரின் முகம் கணினியை விடப் பெரிது. டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், அவர்தான் பித்தானை அழுத்தித் திறந்து வைக்கப் போகிறார். பன்னீர்ச் செம்போடு என்னை வாசல் வளைவுக்கு, விருந்தாளிகளை வரவேற்க அனுப்பினார்கள். அக்காவைச் சமையல் பக்கம் போகச் சொன்னார்கள். தாலி இல்லாதவள் விருந்தாளிக்கு எதிரே நிற்கக் கூடாதாம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம், வெங்காயம் உரிக்கலாம், வாசலில் நிற்கக் கூடாது.

நான் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அறைக்குள் பூசை நடந்திருக்கிறது. ஆயுத பூசை போலத்தான். திரைகளுக்குத் திருநீறு, கீபோர்டுக்குப் பொட்டு, ஒரு கணினிக்கு மாலை. அதை நான் குறை சொல்லவில்லை. காருக்கு, மோட்டாருக்கு, சோறாக்கும் சட்டிக்கு எல்லாம் பொட்டு வைக்கிற சனம்தான் நாமும். தொழிற்சாலையில் என் சோதனை மேசைக் காலிலும் ஒரு பொட்டு இருக்கிறது. நான் வைத்ததுதான்.

ஆனால் தலைவருக்கு அது போதவில்லை. "உசுரே அந்த டிவிடிலதான் இருக்குன்னு தங்கச்சி சொல்லுச்சே, அதுக்கு வெக்காம வேற எதுக்கு வெச்சு என்னா?" என்று கேட்டிருக்கிறார். அவரே ஒவ்வொரு கணினியாகத் தட்டை வெளியே இழுத்து எட்டு டிவிடிகளையும் எடுத்துத் தாம்பாளத்தில் அடுக்கிவிட்டார். பளபளக்கும் பக்கம் அழகாக இருக்கிறது என்று அதை மேலே வைத்து.

நான் உள்ளே வந்தபோது கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு டிவிடியின் பளபளப்பிலும் மூன்று விரலால் இழுத்த திருநீறு. நடுத் துளையைச் சுற்றி ஈரச் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். டிவிடி உள் வளையத்திலிருந்துதான் படிக்கத் தொடங்கும். சரியாக அந்த இடம்.

"ஐயோ தலைவரே, அந்தப் பக்கம் வெக்கக் கூடாது. அதாலதான் படிக்கும்."

"சாமி காரியத்துல கூடாது கீடாதுன்னு சொல்லாதம்மா."

"ஒரு நிமிசம் கொடுங்க. தொடைச்சிட்டுப் போட்டுர்றேன்."

குழுவில் ஒருவர் சத்தமாகவே சொன்னார்: "பொட்ட அழிக்கச் சொல்றா பாரு. அக்காவுக்கு ஏத்த தங்கச்சி."

அப்போது அக்கா வாசலில் வந்து நின்றிருந்தாள். கையில் வெங்காயத் தோல். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

தலைவர் அந்த ஆளை அதட்டவில்லை. "பொம்பளைங்கல்லாம் அந்தப் பக்கம் உக்காருங்க, டத்தோ வந்துட்டாரு" என்றார். டிவிடிகளைச் சந்தனத்தோடேயே கையில் கிடைத்த வரிசையில் கைக்கு எட்டிய கணினிகளில் போட்டார்கள். எண்ணை யாரும் பார்க்கவில்லை.

டத்தோ பித்தானை அழுத்தினார். மேளம் கொட்டியது. உள்ளே டிவிடி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது, தொண்டையில் முள் சிக்கியதைப் போல் ஒரு சத்தம். தொடங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. அடுத்ததும் அப்படியே. ஒன்றே ஒன்றில், சந்தனம் கொஞ்சம் வழிந்துவிட்டதோ என்னவோ, சின்னம் வந்தது, புள்ளி ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். அது அந்தத் தொல்லை பிடித்த மூன்றில் ஒன்று. உள்ளே இருந்தது வேறு கணினியின் டிவிடி. கை தட்டல் முடிவதற்குள் திரை கறுத்துவிட்டது.

டத்தோ நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பரவாயில்லை என்று சிரித்தார். கறுத்த திரைகளுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நாங்க நம்பித்தான் ஒப்படைச்சோம். வேலை தெரியாதவங்க கையில கொடுத்துட்டோம், அதான் இப்படி ஆச்சு. ஒரிஜினல் போடாம இன்டர்நெட்டுலேருந்து ஏதோ ஒன்ன எறக்கிப் போட்டு, நல்ல கம்ப்யூட்டரக் கெடுத்து வெச்சிருக்காங்க. மன்னிக்கணும் டத்தோ."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லையே. மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. சாவி அக்காவின் கைக்குப் போகவில்லை. வெற்றிலையோடு தாம்பாளத்திலேயே கிடந்தது.

சாப்பாடு முடிந்து, டத்தோ போய், நாற்காலி மடக்கும் நேரம். அறை இன்னும் திறந்துதான் கிடந்தது. அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். டிவிடிகளை வெளியே எடுத்து, சாப்பாட்டுத் தட்டுக் கழுவும் குழாயடியில் சவர்க்காரத் தண்ணீரில் அலசினோம். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் தேய்த்தால் கீறல் விழும். அக்காவும் அப்படியே துடைத்தாள். எண் பார்த்து அந்தந்தக் கணினியில் போட்டோம். ஒன்று மட்டும் எழவில்லை, குங்குமம் கீறிவிட்டது. மற்ற ஏழும் எழுந்தன. முதலில் எழுந்த கணினியில் அக்கா ஏழாம் வாய்ப்பாட்டைத் தட்டினாள். ஏன் ஏழு என்று கேட்கவில்லை.

கார் பக்கம் ஓடினேன். "தலைவரே, வந்து பாருங்க. ஏழு ஓடுது. இன்னொன்னுக்கும் நாளைக்கே வேற டிவிடி போட்டுர்றேன்."

அவர் வந்தார். அறை வாசல் வரைக்கும் வந்தார். எரியும் திரைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன்.

"இப்ப ஓடி என்னா பிரயோசனம்? டத்தோ போயிட்டாரு."

"புள்ளைங்க போகலையே."

"மைக்குல சொல்லிட்டேம்மா. இனி எப்படி மாத்திச் சொல்றது? நான் பொய் சொன்னேன்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

அவர் தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதில் ஒரு வெற்றிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் கீழே போட்டார்.

ஓடும் கணினிகளை வீடியோ எடுத்துக் கோயில் வாட்சாப் குழுவில் போட்டேன். சற்று நேரத்தில் அது காணாமல் போனது. அப்புறம் என்னையே காணோம், குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். விழாப் படங்களை அக்காவின் கைப்பேசியில் பார்த்தேன். டத்தோ, தலைவர், மாலை போட்ட கணினி. எட்டுத் திரையிலும் யாரோ நீல நிறத்தை ஒட்டியிருந்தார்கள். கீழே 'வெற்றிகரமாகத் திறப்பு விழா கண்டது' என்று எழுதியிருந்தது. அப்படியானால் கெட்டுப்போனது எது? வெற்றி என்றால் எங்களை ஏன் திட்டினீர்கள்? கெட்டுப்போயிற்று என்றால் எதற்கு இந்த நீலம்?

அடுத்த வாரம் போனேன். புதுப் பூட்டு. சன்னல் வழியாகப் பார்த்தால் கெனப்பிக் கம்பிகள், மடக்கிய நாற்காலிகள், அவற்றுக்குப் பின்னால் சுவரோரமாக எட்டுக் கணினிகள். மேலே ஒரு நீலத் தார்ப்பாய்.

பொட்டு வைத்ததற்காக நான் கோபப்படவில்லை. தெரியாமல் செய்தார், பக்தியில் செய்தார், அன்று அதைக் கழுவித் துடைத்தாயிற்று. ஓடியதைப் பார்த்த பிறகு பூட்டினாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அவர் பேச்சு நிற்க வேண்டுமானால் கணினி ஓடக் கூடாது. கணினி ஓடக் கூடாதென்றால் பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

அக்காவின் வகுப்பு மறுபடியும் சிமெண்டுத் தரையில். சில பேர் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், கோயில் பெயரைக் கெடுத்தவளிடம் என்ன படிப்பு என்று. அக்கா வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது வீட்டோடு சரி, கோயில் பக்கம் போவதில்லை. போன மழைக்கு ஒரு பிள்ளையின் புத்தகம் முழுக்க நனைந்து, அக்கா அதை அடுப்போரம் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். சாவி கேட்டுப் போகிறேன் என்றேன்.

"விடுடி. திரும்ப எல்லாரும் என்னையப் பாக்கணுமா?"

அதனால்தான் போகவில்லை. எழுதுகிறேன்.

தலைவரே, கோயில் ஆண்டுக் கூட்டம் வருகிறது. அதே மண்டபம், அதே மைக். என்னிடம் தனியாகப் போன் போட்டுப் பேச வேண்டாம். ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம். அக்காவைப் பார்த்தார்களே, அந்த எல்லார் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். அந்த டிவிடிகளைக் கடைசியாகத் தொட்டது யார்? அன்று சாயங்காலம் அறை வாசலில் நின்று நீங்கள் பார்த்தது என்ன? பார்த்த பிறகும் சாவி ஏன் உங்கள் சட்டைப் பைக்குப் போனது?

சொல்லிவிட்டு, சாவியை அக்காவின் கையில் கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையும் அந்த மைக்கிலேயே சொல்லுங்கள்.